மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிறு

இன்று காலையில் அடுப்படியிலிருந்து ஓலை கருகுகிற வாசனை வந்தது. கூடவே துணி தீய்கிற வாசனையும். ஓடிப்போய்ப் பார்த்தால் என் பேத்தி கிரேஸ், உன் பனையோலை விசிறியை எடுத்து அடுப்பை வீசிக்கொண்டிருக்கிறாள். பச்சை விறகு. வீடெல்லாம் புகை. விசிறியின் ஓரத்தில் நீ வைத்துத் தைத்த சிவப்புத் துணியில் நெருப்புப் பிடித்து ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. பிடுங்கிக் கீழே போட்டுக் காலால் மிதித்து அணைத்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. "அத்தைப் பாட்டி விசிறிதானே, அவியதான் செத்துப் போயிட்டாவளே" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த அடி அவளுக்கு விழுந்த அடி இல்லை. உனக்கு விழ வேண்டியது.

இன்று சனிக்கிழமை. நாளை நம் கோயிலில் எஸ்தருக்கு மூன்றாம் ஓலை வாசிக்கிறார்கள். ஆமாம், நான் பெற்று நீ வளர்த்த எஸ்தருக்குத்தான். அவள் புருஷன் பஸ்ராவில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது மறுகல்யாணம். நீ அறியாத வழக்கமா? மூன்று ஞாயிறு பாதிரி ஐயர் சபைக்கு முன்னால் நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராவது இருமுவார்கள், ஏதாவது ஒரு பிள்ளை அழும். எழுந்திருப்பவர்கள் ஒருவரும் கிடையாது. நம் கோயிலில் எழுந்தவள் நீ ஒருத்திதான்.

உன்னை ஏசுவதற்காக இந்தக் கடுதாசியை எழுதுகிறேன். வேறு எதற்காகவும் இல்லை. போன வருஷம் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது உள்ளதைச் சொன்னாய். சொன்ன மறுநாள் காலையிலேயே கண்ணை மூடிவிட்டாய். ஏச எனக்கு ஒரு பகல் கூடத் தரவில்லை. அதனால் தாளில் ஏசுகிறேன். நான் அஞ்சாம் வகுப்புக்காரி. எட்டாம் வகுப்பும் அதற்கு மேல் வாத்தியார் படிப்பும் படித்த நீ சிவப்பு மையைத் தூக்கிக்கொண்டு வர முடியாத இடத்தில் இருக்கிறாய். தப்பும் தவறுமாக என் இஷ்டத்துக்கு எழுதுவேன். கேட்டுக்கொண்டிரு.

நம் இருவருக்கும் ஒரே வயது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். கணக்கில் நான் முதல், பாட்டில் நீ முதல். என் அப்பா என்னை நிறுத்தினார். உன் அப்பா உபதேசியார், உன்னை நிறுத்தவில்லை. உன் முகத்தில் அம்மைத் தழும்பு, எவனும் பெண் கேட்டு வரமாட்டான், படிப்பாவது இருக்கட்டும் என்று உன் அம்மாவே என் காதுபடச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் அழுதேன். நீ அழவில்லை. "நீ எங்க வீட்டுக்கே வந்துரு. எங்க அண்ணனைக் கட்டிக்கோ. அப்புறம் நான் எங்கயும் போக வேண்டாம்" என்றாய். பதினெட்டு வயதில் அப்படியே நடத்தியும் காட்டினாய். அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'மதினி' என்று கூப்பிட்டுக் கேலி செய்தாய்.

உன் அண்ணனோடு எனக்கு ஐந்து வருஷம். கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் எழுத்து வேலை. பாளையங்கோட்டைக் கோட்டைக்கு வெளியே, புதிதாக எழும்பின தெருவில் இரண்டு அறையும் அடுப்படியுமாக வீடு கட்டினார். சுவரில் சுண்ணாம்பு காய்வதற்குள் வாந்திபேதி வந்தது. செவ்வாய்க்கிழமை அவர். வெள்ளிக்கிழமை கைப்பிள்ளை. நாலு வயது எஸ்தரும் நானும் மிஞ்சினோம். தெருவில் இருந்ததே ஏழு வீடுகள். ஐந்து வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நீ பள்ளிக்கூடத்து விடுதியிலிருந்து வந்து, வாசலில் நின்று, "உள்ள வரலாமா மதினி?" என்று கேட்டாய். என் வீட்டுக்குள் வர நீ கேட்டு நின்றது அந்த ஒரு தடவைதான்.

நான் லேஸ் பின்னிப் பிழைத்தேன். துரைசானிகளுக்கு மேஜை விரிப்பும் கைக்குட்டை ஓரமும். கெட்டிக்காரி என்று பெயர். ஆனால் அந்த இரண்டு வருஷம் வீடு வீடாக இல்லை. சோறு ஆக்கினேன், தின்றோம், படுத்தோம். எஸ்தர் பேச்சையே குறைத்துக்கொண்டாள். அப்போதுதான் நீ கண்டி வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய். நன்றாக நினைவு வைத்துக்கொள்.

கண்டியில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். மனைவி அங்கே காய்ச்சலில் இறந்து, பிள்ளை குட்டி இல்லாமல் ஊர் திரும்பி, உன் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். ஒல்லி ஆள். வெயில் இல்லாத நாளிலும் கையில் குடை. முதல் நாள் வந்து பெஞ்சியின் நுனியில் உட்கார்ந்தார். நீ அடுப்படியில் நின்றுகொண்டு சிரிப்பை அடக்க முடியாமல், "மதினி, பைய எட்டிப் பாரு. குடைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்காரு" என்றாய். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"சோறு பொங்கிப் போட எனக்கு ஆள் வேண்டாம். நானே பொங்குவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பேசதுக்கு ஒரு ஆள் வேணும்."

யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உன் அண்ணன் உட்பட. நல்லவர்தான்; ஆனால் கச்சேரியில் பேசித் தீர்த்துவிட்டு வருவார். கண்டி வாத்தியார் வெள்ளிக்கிழமைதோறும் உன்னோடு வந்தார். எஸ்தருக்கு அட்டையைப் பற்றிக் கதை சொல்லுவார். மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டை, உப்பு வைத்தால் சுருண்டு விழுகிற அட்டை. இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை முதல்முதலாகக் கத்திச் சிரித்தது அப்போதுதான். நீயும் சிரித்தாய். மூன்று பேரும் நீயுமாக இந்த வீட்டில் இருப்போம் என்று நினைத்திருந்தாய். அவர் இங்கேயே வந்து தங்குவார், உனக்குப் பின்னறை.

பிறகு அவருக்கு வள்ளியூரில் தலைமை வாத்தியார் வேலை கிடைத்தது. கல்யாணம் முடிந்ததும் என்னையும் எஸ்தரையும் அங்கே கூட்டிப் போகப் போவதாகச் சொன்னார். நான் பலகாரம் சுட்டேன். நீ ஒரு அதிரசம் எடுத்து, பிட்டு, தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாய். "வயித்துக்குச் சரியில்ல" என்றாய். அதைக்கூட நான் நம்பினேன்.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ஓலை வாசிக்கிற ஞாயிறு கல்யாணப் பெண்ணாய் இருக்கப்பட்டவள் வெட்கப்பட்டு வீட்டில் இருப்பாள். நான் போனேன். இருபத்தைந்து வயதில், அறுத்தவளாய், ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து போய்ப் பெண்கள் பக்கத்துப் பாயில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். நீ மூன்றாம் தூணுக்கு அருகில், உன் வழக்கமான இடத்தில், உன் சிவப்பு ஓர விசிறியோடு இருந்தாய்.

மூன்றாம் ஞாயிறு ஐயர் வாசித்து முடித்துச் சும்மா நின்றார். உன் பாய் சரசரத்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ பிள்ளையை வெளியே தூக்கிப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஐயா, தடை இருக்கிறது."

உன் வகுப்பறைக் குரல். எழுத்துப் பிசகாத தமிழ்.

"என்ன தடை, அம்மா?"

"இவருடைய முந்தின மனைவி கண்டியில் இறந்துபோனதற்கு இவருடைய வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அடக்கச் சீட்டு எங்கே என்று கேட்கவேண்டும்."

ஆண்கள் பக்கத்தில் அவர் இருந்த இடத்தை விசிறியால் காட்டினாய். முந்நூறு கண்ணும் அந்த விசிறி போன பக்கம் போனது. அவர் எழுந்தார். "சீட்டுக்கு எழுதியிருக்கேன் ஐயா. இன்னும் வந்து சேரல" என்றார். குரல் உடைந்துவிட்டது. உண்மை சொல்லுகிறவனுக்கும் அப்படித்தான் உடையும். ஐயர் பாவம், என்ன செய்வார்? கண்டிக்குத் தானே எழுதிக் கேட்பதாகவும் பதில் வரும்வரை கல்யாணம் நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே நீ உன் தகரப் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாய். "உன்னைத் தனியா விட மனசு வரல மதினி. நான் உன் நல்லதுக்குத்தான் கேட்டேன்." உன்னோடு பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவர் வந்தார். வாசற்படிக்கு மேல் ஏறவில்லை. நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உன் சேலைத் தலைப்பு எனக்குத் தெரிந்தது.

"ஊர் என்ன வேணாலும் சொல்லட்டும்" என்றார். "நீங்க நம்புதியளா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வார்த்தை. எனக்குப் பெருமை. முந்நூறு கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. "சீட்டு வரட்டுமே" என்றேன்.

அவர் படியில் சாய்த்து வைத்த குடையை எடுத்தார். "சரி. வரட்டும்" என்றார். குடையை விரித்தார். அன்றும் வெயில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஐயருக்குக் கண்டியிலிருந்து பதில் வந்தது. அந்த அம்மாள் இறந்தது, அடக்கம் பண்ணினது எல்லாம் மெய்தான். ஐயர் வீட்டுக்கு வந்து, "தடை ஒன்றும் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் கண்டி வாத்தியார் வள்ளியூரும் வேண்டாம் என்று பினாங்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. நீ என் காலடியில் உட்கார்ந்து, "அறியாம சொல்லிட்டேன் மதினி, அறியாம சொல்லிட்டேன்" என்று அழுதாய். அம்மைத் தழும்பில் கண்ணீர் தேங்கி நின்றது.

அறியாமல். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் உன்னோடு ஒரே கூரைக்குள் இருந்தேனே!

முதல் வருஷம் உன்னோடு நான் பேசவில்லை. "எஸ்தர், உன் அத்தையைச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். "எஸ்தர், அத்தைக்குப் பசியில்லன்னு உங்க அம்மாட்ட சொல்லு" என்பாய். அந்தப் பிள்ளை நம் இருவருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பி ஒருநாள், "ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல, நான் விளையாடப் போறேன்" என்று எழுந்து போய்விட்டது. அப்போதும் சிரிக்கவில்லையே நாம். சிரித்தது வண்ணார்பேட்டைப் படித்துறையில். ஆற்றில் புதுத் தண்ணீர். நீ துவைத்துக் கல்லில் வைத்திருந்த ரவிக்கையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "நில்லு! அங்கன நில்லுன்னு சொல்லுதேன்!" என்று ரவிக்கையைப் பார்த்து அதட்டினாய். வகுப்பில் பிள்ளையை அதட்டுகிற மாதிரியே. எனக்கு அடக்க முடியவில்லை. "அது என்ன ஒன்னாங்கிளாஸா, நீ சொன்னதும் நிக்கதுக்கு? கோட்டிக்காரி!" என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து குடும்பம் என்று ஒன்று ஆனோம். உள்ளதைச் சொல்ல வேண்டும். எஸ்தருக்கு இருபத்தோரு நாள் காய்ச்சல் கண்டபோது நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இந்த விசிறியால் வீசிக்கொண்டே இருந்தாய். காம்பு பட்டு உன் உள்ளங்கை காய்த்துப் போனது. அவளுக்கு எழுத்தும் கணக்கும் பாட்டும் நீ சொல்லித் தந்தாய். நான் லேஸ் பின்ன, நீ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவாய். நான் கடைக்கு எழுதி வைக்கிற சீட்டைக்கூட விடமாட்டாய். 'கருப்பெட்டி' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்து வைப்பாய். "அஞ்சாங்கிளாஸ்காரி புத்தி" என்பாய். "எட்டாங்கிளாஸ்காரி இப்போ காப்பிக்குக் கருப்பெட்டி போடாம குடி பாப்போம்" என்பேன். எஸ்தர் கல்யாணத்தில் எனக்கு மேல் நீ அழுதாய். கிரேஸ் பிறந்தபோது மருத்துவச்சிக்கு முன்னால் உன் கைதான் பிள்ளையை வாங்கினது.

இதையெல்லாம் நன்றியாய் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் நீ என்னை ஏமாற்றினாய் என்று எழுதுகிறேன்.

விஷக்காய்ச்சல் கண்ட நாலாம் நாள், தெளிவாய் இருந்தாய். "மதினி, தலைமாட்டுல உக்காரு" என்றாய். உட்கார்ந்தேன்.

"கண்டிச் சீட்டு வந்துச்சு."

"எந்தக் கண்டிச் சீட்டுடி?"

"மூணாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்துச்சு. ரெண்டு பள்ளிக்கூடத்துத் தபாலும் என் கைக்குத்தானே வரும். பிரிச்சுப் படிச்சேன். பொட்டிக்குள்ள அடியில வச்சேன். இன்னும் அங்கனதான் கெடக்கு."

நீயே சொன்னாய்: "நீ பிள்ளையத் தூக்கிட்டு வள்ளியூருக்குப் போயிருப்பே. எனக்கு யாரு இருக்கா?"

மறுநாள் விடிந்ததும் போய்விட்டாய். மூதி! அடக்கத்துக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாத்தனார்னா இப்படில்லா அமையணும்! தாய்க்குத் தாயா இருந்தாவளே" என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். எல்லாரும் போன பிறகு உன் பெட்டியைக் கவிழ்த்தேன். இருந்தது. உன் சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில், நாலாக மடித்து. உறையின் மேல் கண்டி முத்திரை, பாளையங்கோட்டை முத்திரை. நீ சொன்ன வெள்ளிக்கிழமைதான். இறந்தவள் பெயர், வயது, அடக்கம் பண்ணின இடம், எல்லாம் சுத்தமான எழுத்தில்.

நீ சீட்டை ஒளித்ததற்கு மட்டும் இல்லை என் கோபம். நான் "சீட்டு வரட்டுமே" என்று அவரிடம் சொன்னபோது நீ கதவுக்குப் பின்னால் நின்றாயே, அந்தச் சீட்டு உன்னிடம் இருக்கும்போதே நின்றாயே, அதற்கு. என் வாயாலேயே அவரை அனுப்ப வைத்தாயே, அதற்கு. அவர் எங்கோ ஒரு தீவில், தன்னை நம்பாத ஒருத்தியை நினைத்துக்கொண்டு வயதாகியிருப்பார், அல்லது செத்திருப்பார். எந்த விலாசத்துக்கு எழுதி நான் சொல்லுவேன்?

இனி நாளைய சங்கதி. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எஸ்தரைக் கேட்டு வந்திருப்பவன் நம் ஊர்ப் பக்கத்துப் பையன்தான். கொழும்புத் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறான். நல்ல பையன். குறை சொல்லத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிரேஸைத் தன் பிள்ளையாக வளர்ப்பேன் என்று என்னிடம் வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னான். செவ்வாய்க்கிழமை கல்யாணம், புதன்கிழமை தூத்துக்குடியில் கப்பல். அவனுக்கு லீவு அதோடு சரி. அங்கே அவனுக்கு ஒற்றை அறைதான். "வேற இடம் பார்த்ததும் அம்மையையும் கூப்பிட்டுக்கிடுதோம்" என்கிறான். கூப்பிடுவான். அது எப்போது என்று யாருக்குத் தெரியும்?

ஐயர் அதே ஐயர்தான். கிழவராகிவிட்டார், மறதி வரவில்லை. "பஸ்ராவிலிருந்து சர்க்கார் அனுப்பின காகிதத்தை என்னிடம் காட்டிவிட வேண்டும் அம்மா. முன்னே ஒருமுறை பட்டது போதும். மூன்றாம் ஓலை வாசிக்கிறதற்குள் வரவில்லை என்றால் கல்யாணத்தைத் தள்ளித்தான் வைப்பேன்" என்று முதல் ஞாயிறே சொல்லிவிட்டார். எஸ்தரின் புருஷன் பட்டாளத்தோடு கிளார்க்காகப் போய் அங்கே காய்ச்சலில் இறந்தான் என்பதற்கு அந்த ஒரு காகிதம்தான் சாட்சி. அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, குழியை யாரும் பார்க்கவில்லை.

காகிதம் என்னிடம் இருக்கிறது. உன் தகரப் பெட்டியில். உன் கண்டிச் சீட்டும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக.

பத்து நாளாக எஸ்தர் கேட்கிறாள். "அம்மா, காயிதம் கிடைச்சுதா?" நான், "தேடுதேன்டி" என்கிறேன். பத்து நாள்! அதைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். கல்யாணம் நிற்கும். சர்க்காருக்கு எழுதி மறு காகிதம் வர ஒரு வருஷம் ஆகும். பையன் கப்பல் ஏறிவிடுவான். கிரேஸ் இங்கேயே இருப்பாள், அடுப்பை விசிறிக்கொண்டு, முதுகில் அடி வாங்கிக்கொண்டு. நேற்று எஸ்தர் என்ன சொன்னாள் தெரியுமா? துணியை மடித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், "அத்தை மட்டும் இருந்தாவன்னா இந்நேரம் எடுத்துக் குடுத்திருப்பாவ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொல்லையில் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பானையை மறுபடி தேய்த்தேன்.

உனக்கு எங்கே வலித்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்ததால் கோபம் தணிந்துவிட்டது என்று கணக்குப் போடாதே. கூடியிருக்கிறது. இவ்வளவு வலியையும் என்னிடம் நேரே வந்து, "போகாதே மதினி, எனக்கு யாரும் இல்ல" என்று சொல்லியிருக்கலாமே. வள்ளியூர் என்ன, வண்டி போகாத ஊரா? பின்னறை அங்கேயும் கட்டியிருப்பாரே அந்த மனுஷன். கேட்கத் தெரியாமல் பறித்துக்கொண்டாயே.

இதை இப்படியே வைக்கிறேன். கிரேஸ் சாப்பிட வரச் சொல்லி இழுக்கிறாள்.

~

ஞாயிறு, மத்தியானம்.

கோயிலுக்குப் போகும்போது கருகின விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டேன். எஸ்தர் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. அவளும் வந்தாள், என் மகள்தானே, வீட்டில் ஒளிந்திருக்கவில்லை. முன்வரிசைக்குப் போகாமல் மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் உன் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆண்கள் பக்கம் முழுதும் தெரிகிறது. முன்வரிசைப் பெண்ணின் முதுகும் தெரிகிறது. அன்றைக்கு நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாய்.

ஐயர் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். சும்மா நின்றார். யாரோ இருமினார்கள். நான் எழுந்தேன்.

என் பாயும் அதே மாதிரிதான் சரசரத்தது. வயதானவர்கள் திரும்பினார்கள். அவர்களுக்கு நினைவிருக்கிறது, அதே தூண், அதே சிவப்பு விசிறி. ஐயர் வாய் திறந்தபடி நின்றார். ஆண்கள் பக்கத்தில் அந்தப் பையன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். நீ அதைப் பார்த்தும் பேசியிருக்கிறாய்.

"என்ன அம்மா?" என்றார் ஐயர், மெதுவாக.

"தடை இல்ல ஐயா." என் தமிழ் உன் தமிழ் இல்லை. வீட்டுப் பேச்சுதான் வந்தது. "பெத்தவ சொல்லுதேன். ஒரு தடையும் இல்ல. காயிதம் இந்தா இருக்கு. இவ்வளவு நாளும் என் கையிலதான் இருந்துச்சு."

நடந்து போய்க் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "ஏளா, எங்க ஈரக்குலை நடுங்கிப் போச்சு! உக்காந்த இடத்துலேயே குடுத்துவிட்டா என்ன? எந்திரிக்கணுமாக்கும்?"

"எந்திரிக்கணும்" என்றேன். அதற்கு மேல் அவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

எஸ்தர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "உன் கையிலேயே இருந்துச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "இருந்துச்சு" என்றேன். "அதை நீ அங்கன சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். "இருந்திருக்கலாம்" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். உன் கதையை அவளுக்குச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அவளுக்கு ஒரு அத்தை இருந்தாள், அந்த அத்தை அவளுடையவள். நீ எனக்குச் செய்தது என்னுடையது.

கிரேஸ் விசிறியைக் கப்பலுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றாள். கருகினதை வெட்டிவிட்டு என் லேஸில் ஒரு துண்டு வைத்து ஓரம் தைத்துக் கொடுத்தேன். சிவப்பில் பாதியும் வெள்ளையில் பாதியுமாக இருக்கிறது. உனக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

கண்டிச் சீட்டு என்னிடம் இருக்கட்டும். கிழிக்க மாட்டேன், எரிக்க மாட்டேன். புதன்கிழமையிலிருந்து இந்த வீட்டில் நானும் அதுவும்தான். உன்மேல் இருக்கிற கோபமும் இருக்கும். அதைத் தீர்க்க எனக்கு அவசரம் இல்லை. சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. உன்னை ஏசிக்கொண்டிருப்பேன். நீ பதில் சொல்லாதே. கேள்.